இன்னும் ஒரு வெயில்

தாளிப்பு வடகம் போடுகிற வீட்டில் மாலை ஐந்து மணிவாக்கில் ஒரு வேலை நடக்கும். பகல் முழுக்க ஓலைப்பாயில் காய்ந்த வெங்காய உருண்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, காலையில் எந்தப் பானையிலிருந்து எடுத்தார்களோ அதே பானைக்குள் திரும்பப் போட்டு, கையால் அமுக்கி மூடிவிடுவார்கள். பானையின் அடியில் வெங்காயச் சாறு இன்னும் கொஞ்சம் நிற்கும். புதிதாகப் பார்ப்பவருக்கு மனசு பதறும். ஒரு நாள் முழுக்க வெயிலில் கிடந்ததை மறுபடி ஈரத்தில் கொண்டுபோய்ப் போடுவானேன்? விடிந்து பார்த்தால் உருண்டைகள் நெகிழ்ந்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். அவற்றை உதிர்த்துப் பிசைந்து, அந்தச் சாற்றையும் சேர்த்து உருட்டி, மீண்டும் பாயில் வைப்பார்கள். இப்படியே ஒரு வாரம், பத்து நாள். சாறு முழுக்க உருண்டைக்குள் ஏறி, ஊதா நிறம் மங்கி, கருமை தட்டிய பிறகுதான் இரவிலும் வெளியே விடுவது.

வீட்டுச் சமையலில் இந்த மாலை வேலைக்கு ஈடான நுட்பத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. சின்ன வெங்காயத்தைத் தோலுரித்து உரலில் ஒன்றிரண்டாகத் தட்டி, ஊறவைத்து அரைத்த உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், பூண்டு, கறிவேப்பிலை, மஞ்சள்தூள், கல்லுப்பு எல்லாம் போட்டு, விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்த உருண்டை அது. எலுமிச்சங்காய் அளவு இருக்கும். அந்தப் பருமனில் ஒன்றைச் சித்திரை வெயிலில் அப்படியே நாலு நாள் விட்டுவிட்டால் மேற்புறம் வேகமாகக் காய்ந்து ஓடு கட்டிவிடும். ஓடு கட்டிய பிறகு உள்ளே இருக்கிற ஈரத்துக்கு வெளியே வர வழியில்லை. தொட்டுப் பார்த்தால் கல் மாதிரி இருக்கும். டப்பாவில் போட்டு ஒரு மாதம் கழித்து உடைத்தால் நடுவில் பூஞ்சணம் பூத்திருக்கும். பானைக்குள் ஓர் இரவு கிடக்கும்போது உள்ளீரம் மெல்ல வெளிப்பக்கம் நகர்கிறது. மேலே கட்டத் தொடங்கிய ஓடு இளகிவிடுகிறது. மறுநாள் வெயில் அந்த உருண்டையைத் திறந்த கதவோடு சந்திக்கிறது.

நெல் உலர்த்தும் இயந்திரங்களும் இதைத்தான் செய்கின்றன. சூடான காற்றில் கொஞ்ச நேரம் காயவைத்து, தொட்டியில் சில மணி நேரம் ஆறப்போட்டு, மறுபடி காற்றுக்கு அனுப்புவார்கள். ஒரே மூச்சில் காயவைத்த நெல்லில் அரிசி வெடித்துக் குருணையாகும். பொறியியல் பாடப் புத்தகத்தில் ஒரு பகுதியாக இருக்கிற இந்த இடைவேளை, வடகம் போடுகிற பெண்களுக்குச் சாயங்கால வேலைகளில் ஒன்று. அவ்வளவுதான். யாரும் இதைப் பெரிய வித்தை என்று சொல்லிக்கொள்வதில்லை.

நான் சொல்கிற வீடுகள் புதுச்சத்திரம் பக்கத்தவை; சேலத்திலிருந்து நாமக்கல் போகும் சாலையில் ஆண்டகளூர் கேட்டைத் தாண்டினால் வரும் ஊர். கிழக்கே நைனாமலை, அதற்கும் பின்னால் கொல்லிமலை. செம்மண் காடுகள், நிலக்கடலை, குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி, சின்ன வெங்காயம், கோழிப்பண்ணைகள். மாசி முடிந்து பங்குனி பிறந்தால் பகல் காற்றில் ஈரமே இருக்காது. கடலோர ஊர்களில் மூன்று நாளில் காய்வது இங்கே இரண்டே நாளில் காய்ந்துவிடும். வெயில் இங்கே ஓர் அளவையாகவே புழங்குகிறது. மருமகள், "அத்தை, எடுத்து வெச்சரலாங்களா?" என்று கேட்பாள். மாமியார் முறத்தில் கையை விட்டு ஒன்றை எடுத்து ஒடித்துப் பார்த்துவிட்டு, "இன்னொரு வெயில் காட்டோணும் கண்ணு" என்பார். எத்தனை மணி நேரம், எத்தனை டிகிரி என்ற பேச்சே இல்லை. அந்த ஒரு வெயில் கூடவும் கூடாது, குறையவும் கூடாது என்பது மட்டும் இருவருக்கும் தெரியும்.

உணவில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைவிட, அதில் எவ்வளவு தண்ணீர் நுண்ணுயிருக்குக் கிடைக்கும்படி இருக்கிறது என்பதே முக்கியம். 1953இல் ஆஸ்திரேலிய நுண்ணுயிரியலாளர் டபிள்யூ. ஜே. ஸ்காட் இதைச் சோதனையில் காட்டினார். சுத்தமான தண்ணீருக்கு அந்த அளவு 1 என்று வைத்துக்கொண்டால், 0.91க்குக் கீழே பெரும்பாலான பாக்டீரியாக்கள் வளராது. நஞ்சைச் சுரக்கிற ஸ்டெஃபைலோகாக்கஸ் மட்டும் ஏறக்குறைய 0.86 வரை தாக்குப்பிடிக்கும். பூஞ்சணங்கள் அதற்கும் கீழே போகும். 0.6க்குக் கீழே எதுவும் வளராது. உப்பும் சர்க்கரையும் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால், பிசுபிசுவென்று ஈரமாகவே இருக்கிற ஊறுகாயும் தேனும் கெடாமல் கிடக்கின்றன. நன்றாகக் காய்ந்தது போலத் தெரிகிற கடலையோ உள்ளே கெடுகிறது. கண்ணுக்குத் தெரிகிற ஈரத்தைக் கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது என்பதால்தான் ஒடித்துப் பார்ப்பது, கடித்துப் பார்ப்பது, குலுக்கிக் கேட்பது என்று அத்தனை பரிசோதனைகளும் வந்தன.

ஜவ்வரிசி வடகம் இந்தப் பக்கத்து வீடுகளின் பெருமை. ஜவ்வரிசியே இந்த மண்ணின் சரக்குத்தான். இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த சரக்கு நின்றுபோன சமயம், 1943இல் சேலத்தில் மாணிக்கம் செட்டியார் குச்சிக்கிழங்கு மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார். 1981இல் ஜவ்வரிசி உற்பத்தியாளர்களின் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆலைகளின் சிமென்ட் களங்களில் மாவும் ஜவ்வரிசியும் பரந்து காய்வதைச் சாலையில் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். ஆனால் அதற்கு முந்தின கட்டம்தான் பாதுகாப்பின் ஆணிவேர். குச்சிக்கிழங்கில் லினமரின் என்ற பொருள் இருக்கிறது. கிழங்கு நசுங்கும்போது அது உடைந்து சயனைடு வெளிப்படும். தோலில் அது அதிகம். தோலைச் சீவி, கிழங்கை அரைத்து, தண்ணீரில் கலக்கி, மாவை அடியில் படியவிட்டு, மேல் தண்ணீரை வடித்து, வெயிலில் காயவைக்கும்போது அந்த நஞ்சில் பெரும்பகுதி தண்ணீரோடும் காற்றோடும் போய்விடுகிறது. வீட்டில் கிழங்கு அவிக்கும்போதும் தோலை உள் உரியோடு எடுத்துவிட்டு, துண்டாக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுவது இதே காரணத்துக்காகத்தான். ஆடு வளர்ப்பவர்களும் குச்சித் தழையைப் பச்சையாகப் போடாமல் வாட்டித்தான் போடுவார்கள்.

கடையில் ஜவ்வரிசி வாங்கும்போது பளீரென்ற வெண்மையைத் தேடுவதை விட்டுவிட வேண்டும். கிழங்கு மாவின் இயல்பான நிறம் கொஞ்சம் மங்கலானது. அந்த மங்கலை நம்பி வாங்கலாம்.

வடகத்துக்கு ராத்திரியே ஜவ்வரிசியை ஊறப்போட்டு, விடியற்காலையில் அடுப்பை மூட்டுவார்கள். கூழ் பதமாக வெந்துவிட்டது என்பதற்கு அடையாளம், ஒவ்வொரு மணியின் நடுவிலும் இருக்கிற வெள்ளைப் புள்ளி மறைந்து முழுக்கக் கண்ணாடியாவது. பச்சை மிளகாய், சீரகம், எலுமிச்சைச் சாறு. உப்பு போடும்போது கை சற்றுத் தாழ்வாகவே போகும். கூழில் உப்பு சரியாக இருந்தால் காய்ந்த வடகத்தில் கரிக்கும். தண்ணீர் போய்விடும், உப்பு அங்கேயே நிற்கும். முதல்முறை போடுகிறவர்கள் எல்லோரும் இடறும் இடம் இதுதான். பக்கத்தில் நிற்கிற பெரியவர், கூழை நாக்கில் வைத்து, "கொஞ்சம் சப்புன்னு இருக்குது, அதுதான் சரி" என்று சொல்லும்போது அவர் இன்றைய கூழைச் சுவைக்கவில்லை. நாளை மறுநாள் வடகத்தைச் சுவைக்கிறார்.

விடியற்காலை அவசரத்துக்கும் காரணம் உண்டு. வெந்த மாவுக்கூழ் எந்த நுண்ணுயிருக்கும் பிடித்த இடம். ஏழு மணிக்குள் கரண்டியால் ஊற்றி முடித்தால் சாயங்காலத்துக்குள் மேற்புறம் காய்ந்து, அன்றைய ராத்திரியைப் பயமில்லாமல் தாண்டும். பதினோரு மணிக்கு ஊற்றியது சாயங்காலமும் பச்சையாகவே நிற்கும். மேகம் மூடினால் அந்தக் கூழைச் சாப்பிட்டுவிட வேண்டியதுதான். வடகமாக்கியே தீருவேன் என்று மின்விசிறிக்கு அடியில் ராத்திரி முழுக்க வைத்து மறுநாள் வெயிலுக்காகக் காத்திருப்பது நல்லதில்லை.

ஊற்றுவது பழைய வேட்டியில். நனைத்துப் பிழிந்த வேட்டி. அதன் அருமை இப்போது பிளாஸ்டிக் விரிப்பில் ஊற்றும்போதுதான் புரிகிறது. வேட்டி அடிப்பக்கத்து ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். வடகம் இரண்டு பக்கமும் சமமாகக் காயும். பிளாஸ்டிக்கில் மேலே மொறுமொறுப்பாகி, அடியில் வியர்த்தபடியே கிடக்கும். அதில் ஊற்றினால் மத்தியானமே ஒரு முறை புரட்டிப் போட வேண்டும். வேட்டியிலிருந்து வடகத்தை எடுக்கும் முறையும் அழகு. வேட்டியைத் திருப்பிப் போட்டு, முதுகில் தண்ணீரைத் தெளித்து, ஒரு நிமிடம் விட்டு உரித்தால் வடகம் முழு வட்டமாக வரும். அந்தத் தெளிப்பில் ஏறிய ஈரத்தையும் சேர்த்து எடுக்கத்தான் அடுத்த வெயில், முறத்தில்.

எப்போது போதும்? ஒடித்தால் வளையாமல் சடக்கென்று முறிய வேண்டும். அதற்கு மேலும் நாள்கணக்கில் வெயிலில் போட்டுவைத்தால் இன்னொரு நஷ்டம் வரும். வடகம் எண்ணெயில் பொரிந்து மலர்வது உள்ளே மிச்சமிருக்கிற துளி ஈரம் சட்டென்று ஆவியாகி மாவை விரிப்பதால்தான். பத்து, பன்னிரண்டு சதவீத ஈரம் இருந்தால் நன்றாக மலரும். ஒட்ட உலர்ந்தது எண்ணெயில் விறைத்துச் சிவக்கும், விரியாது. பூஞ்சணத்துக்கு எட்டாத அளவுக்குக் காய்ந்தும், பொரிவதற்குப் போதுமான ஈரத்தை வைத்துக்கொண்டும் இருக்கிற அந்தக் குறுகிய இடத்தில்தான் அத்தையின் விரல் வந்து நிற்கிறது. டப்பாவில் அடைப்பதற்கு முன் ஒன்றைப் பொரித்துப் பார்ப்பது குழந்தைகளுக்கு இலவசமாகக் கிடைக்கிற பலகாரம். வீட்டுக்கு அது கடைசிப் பரிசோதனை.

சின்ன வெங்காயத்தை அப்படியே வைத்திருப்பது வேறு கணக்கு. அது உயிருள்ள சரக்கு, மூச்சு விடும். பிடுங்கியவுடன் வீட்டுக்குக் கொண்டுவராமல், காட்டிலேயே வரிசையாகப் போட்டு, ஒரு வரிசையின் தாளால் அடுத்த வரிசையின் காயை மூடிக் காயவிடுவார்கள். வெயில் தாளில் பட வேண்டும், காயில் படக் கூடாது. கழுத்து சுருங்கி, இரு விரலால் அழுத்தினால் உள்ளே வழவழப்பே தெரியாத அளவுக்குக் காய்ந்தால் வாசல் அடைபட்டது என்று பொருள். அழுகல் உள்ளே நுழைவது பெரும்பாலும் அந்தக் கழுத்து வழியாகத்தான். பிறகு பட்டறை. தரையில் படாமல் கல்லோ கட்டையோ கொடுத்துத் தூக்கி, பக்கங்களில் காற்று போக இடம் விட்டு, மேலே ஓலை வேய்ந்தது. வீட்டுக்கு வேண்டிய அளவைத் தாளோடு பின்னி விட்டத்தில் தொங்கவிடுவார்கள். இதை டப்பாவில் மூடினால் நாலே நாளில் வியர்த்து, கறுப்புப் பொடி படிந்து, முளை விடும். உருளைக்கிழங்கு கூடைக்குப் பக்கத்திலும் வைக்க வேண்டாம்.

பயறு, துவரை, மொச்சைக்கு இதற்கு நேர் எதிர். அவற்றுக்குக் காற்று வேண்டாம், இறுக மூடிய இருட்டு வேண்டும். ஒரே வீட்டில் ஒரே பெண் ஒன்றைத் தொங்கவிடுகிறாள், மற்றதை அடைத்து வைக்கிறாள். இரண்டிலும் அவள் பார்ப்பது ஈரம் எங்கே போகும் என்பதைத்தான்.

துவரையை ஒரு பிடி எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். சில மணிகளின் மேல் குண்டூசி முனை அளவில் வெள்ளையாக ஒன்று ஒட்டியிருக்கும். தூசி என்று ஊதினால் போகாது. அது பயறு வண்டின் முட்டை. அதிலிருந்து வரும் புழு வெளியே தலைகாட்டாமல் ஒட்டிய இடத்திலேயே தோலைத் துளைத்து நேராகப் பருப்புக்குள் இறங்கிவிடும். உள்ளேயே தின்று, உள்ளேயே கூட்டுப்புழுவாகி, வண்டாகும் சமயத்தில் தோலில் வட்டமாக ஒரு சன்னல் தெரியும். அதைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்போதுதான் வீட்டில், "வண்டு விழுந்துருச்சு" என்பார்கள். உண்மையில் அது காட்டிலேயே, காய் முற்றும்போதே வந்தேறியது. எவ்வளவு சுத்தமான டப்பாவில் வைத்தாலும் வண்டு வருகிறதே என்ற புலம்பலுக்கு விடை இங்கே இருக்கிறது: வண்டு டப்பாவுக்குள் நுழையவில்லை, பயறோடு சேர்ந்து டப்பாவுக்குள் போயிற்று.

இதற்கு இந்தச் செம்மண் ஊர்களில் கண்ட வழி செம்மண்ணேதான். சலித்த செம்மண்ணைக் கூழாகக் கரைத்து, துவரையில் ஊற்றிப் புரட்டி, ஒரு ராத்திரி குவித்து வைப்பார்கள். மறுநாளிலிருந்து நல்ல வெயிலில் காயவைப்பார்கள். மணிக்கு மணி மண்தோல் போர்த்திக்கொள்ளும். முட்டை ஒட்டுவதற்கு வழவழப்பான மேற்பரப்பு இல்லாமல் போகிறது. காயும்போது ஏறுகிற சூடு ஏற்கனவே இருக்கிற முட்டையையும் புழுவையும் தீர்க்கிறது. ஐம்பது, ஐம்பத்தைந்து டிகிரியைப் பயறு வண்டு தாங்காது. ஈரத்தில் ஊறிய தோல் சுருங்கி விலகுவதால், திரிகையில் போட்டால் பருப்பு பொடியாகாமல் இரண்டாகப் பிளக்கும். ஒரே வேலையில் காப்பும் நடக்கிறது, உடைப்பதற்கான ஆயத்தமும் நடக்கிறது. அப்படி மண் கட்டி உடைத்த பருப்பில் வருகிற மணத்தை ஆலைப் பருப்பில் நான் கண்டதில்லை. உடைத்த பருப்பில் பயறு வண்டு அவ்வளவாக ஏறாது என்பது இன்னொரு லாபம். அதற்கு முழு மணியின் உருண்ட முதுகுதான் பிடிக்கும்.

விளக்கெண்ணெய் பூசுவதும் உண்டு. கிலோவுக்கு ஒரு சிறு கரண்டிக்கும் குறைவு. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பருப்பைப் புரட்டினால் போதும், மினுமினுப்பு தெரிந்தாலே அளவு மீறிவிட்டது. அந்த மெல்லிய எண்ணெய்ப் படலம் முட்டையின் மூச்சை அடைக்கும். நிழலில் காய்ந்த நொச்சி, வேப்பிலையை இடையிடையே போடுவார்கள். ஈரத் தழையைப் போட்டால் பூச்சிக்குப் பதில் பூஞ்சணம் வரும். அதனால்தான் கையில் நொறுங்கும் வரை காயவைப்பது. வசம்பைத் துணியில் முடிந்து வைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அதைப் பொடித்து உணவில் கலக்கவே கூடாது. கோவை வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய பூச்சிப் பொறியையும் இங்கே சொல்லியாக வேண்டும். துளைகள் போட்ட ஒரு குழாய், அவ்வளவுதான். தானியத்துக்குள் குத்தி வைத்தால், காற்று தேடி அலைகிற வண்டு துளைக்குள் நுழைந்து அடியில் விழும். மருந்து இல்லை, மின்சாரம் இல்லை. பூச்சியின் சுபாவத்தைக் கூர்ந்து பார்த்ததால் பிறந்த கருவி. மண் கட்டிய கையும் அந்தக் கருவியும் ஒரே பள்ளியைச் சேர்ந்தவை என்று எனக்குத் தோன்றும்.

பயறை வெயிலிலிருந்து எடுத்து அடைக்கிற நேரத்தைப் பாருங்கள். உச்சி வெயிலில் கொதிக்கக் கொதிக்க அள்ளி டப்பாவில் போட்டு மூடினால், ராத்திரி மூடியின் உட்பக்கம் முத்து முத்தாக வியர்க்கும். அந்தத் துளி மேல் அடுக்கில் சொட்டி, அங்கேதான் முதல் பூஞ்சணம் பிடிக்கும். சரி, ஆறட்டும் என்று வாசலிலேயே விட்டால் பொழுது சாய்ந்ததும் காற்றின் ஈரத்தைத் தானியம் குடித்துவிடும். சூடு தணிந்தபின், ஈரக்காற்று இறங்குமுன், அந்த ஒரு மணி நேரத்துக்குள் அடைக்க வேண்டும். பல வீடுகளில் நிழலான திண்ணைக்குக் கொண்டுவந்து பரப்பி, கையை உள்ளே விட்டுப் பார்த்து, கைச்சூட்டுக்கு வந்ததும் அடைப்பார்கள். இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. இன்றைய எவர்சில்வர் டப்பாவுக்கு இது பழைய மண்பானையைவிட அதிகமாகப் பொருந்தும். மண் கொஞ்சம் ஈரத்தை வாங்கிக்கொள்ளும், எவர்சில்வர் வாங்காது.

நிலக்கடலையில் மட்டும் நான் கண்டிப்பாக இருப்பேன். காயைக் காதருகே குலுக்கினால் உள்ளே பருப்பு கிலுகிலுவென்று ஆட வேண்டும். ஆடாத காயை மூட்டையில் கட்டக் கூடாது. மழையில் நனைந்ததும், மண்வெட்டி பட்டுப் பிளந்ததும் தனியே போக வேண்டும். சுருங்கிய, நிறம் மாறிய, பச்சையும் மஞ்சளுமாகப் பொடி பூத்த பருப்பு ஒன்றுகூட உள்ளே போகக் கூடாது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தபோது, தீவனத்தில் இருந்த கடலைப் புண்ணாக்கைத் தோண்டித்தான் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சண நஞ்சைக் கண்டுபிடித்தார்கள். கல்லீரலைத் தாக்கும், புற்றுநோய்க்கும் வழிவிடும். வறுத்தாலும் பொரித்தாலும் முழுக்கப் போகாது. கோழி வளர்க்கும் நாமக்கல்லுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1985இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பகுப்பாய்வுக் கூடத்துக்கு மக்காச்சோளமும் புண்ணாக்கும் இந்த நஞ்சுக்காகவே சோதனைக்குப் போகின்றன. கோழிக்குக் காட்டுகிற அந்தக் கவனத்தை நம் வீட்டுச் சட்னிக் கடலைக்கும் காட்டலாம். பொறுக்கிக் கழித்த சொத்தையை மாட்டுக்குப் போடுகிற பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. வேண்டாம். அந்த நஞ்சு மாற்றுருவில் பாலில் திரும்பி வரும். எண்ணெய்க்கு ஆட்டவும் கூடாது. குழிதோண்டிப் புதைத்துவிடுவதே சரி.

ஊறுகாயில் இப்போது நடக்கும் ஒரு மாற்றம் கவலை தருகிறது. ரத்தக்கொதிப்புக்குப் பயந்து உப்பைப் பாதியாக்கிவிட்டு, ஜாடியைப் பழையபடி பரண் மேல் வைக்கிறார்கள். உப்புநீர் ஊறுகாய்க்கு நூற்றுக்குப் பன்னிரண்டு பங்காவது உப்பு இருக்க வேண்டும் என்று விதி வைத்திருப்பது ருசிக்காக அல்ல. உப்பைக் குறைப்பது நல்லதே. குறைத்தால் கொஞ்சமாகப் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துச் சீக்கிரம் தீர்க்க வேண்டும், அல்லது பழைய அளவில் போட்டு, தட்டில் சுண்டுவிரல் நுனியளவு வைத்துக்கொள்ள வேண்டும். பூண்டை உப்பும் புளிப்பும் இல்லாமல் எண்ணெயில் மட்டும் ஊறப்போட்டு வெளியே வைப்பது இன்னும் ஆபத்து. காற்றில்லாத எண்ணெய்க்கு அடியில் பொட்டுலினம் என்ற நஞ்சு உருவாகும். நிறமும் மணமும் மாறாது. 1985இல் கனடாவின் வான்கூவரில் அப்படிப்பட்ட பூண்டெண்ணெயால் 36 பேர் நோயில் விழுந்தார்கள். நம் பூண்டு ஊறுகாயில் எலுமிச்சைச் சாறோ புளியோ தவறாமல் சேர்வதைப் பார்க்கும்போது, அந்தப் புளிப்பை ருசிக்கு மட்டும் என்று நினைத்துக் குறைத்துவிடக் கூடாதே என்று தோன்றும்.

ராசிபுரம் வெண்ணெயை உருக்கும்போது காதுக்குத்தான் வேலை. தண்ணீர் இருக்கிற வரை சடசடவென்று பொரியும். அந்தச் சத்தம் அடங்கும் கணத்தில் முருங்கைக்கீரையைப் போட்டால் அது ஒருமுறை சீறி, மொறுமொறுப்பாகும். அதோடு இறக்கி வடிகட்ட வேண்டும். சத்தம் அடங்குமுன் இறக்கினால் நெய் சீக்கிரம் சிக்கடிக்கும்; அடங்கிய பின்னும் விட்டால் அடி சிவந்துவிடும்.

உப்புக்கண்டத்தில் எல்லாம் கத்தியில் இருக்கிறது. கறியைச் சுண்டுவிரல் பருமனுக்கு மேல் வெட்டக் கூடாது. கொழுப்பை எடுத்துவிட்டு, உப்பும் மஞ்சளும் மிளகாயும் பிசிறி, நூலில் கோத்து, துண்டுக்குத் துண்டு இடைவெளி விட்டு, ஈ அண்டாமல் வலைத்துணிக்குள் தொங்கவிட வேண்டும். முதல் நாள் வெயில் குறைந்தால் அந்தக் கறியை அன்றைக்கே குழம்பு வைத்துவிடுவது உத்தமம்.

முட்டையில் மட்டும் எல்லாம் தலைகீழாகிவிடுகிறது. இங்கே ஈரத்தை வெளியேற்றுவது நோக்கமே இல்லை. உள்ளே இருக்கிற ஈரம் போகாமலும், வெளியே இருப்பது உள்ளே வராமலும் காக்க வேண்டும். ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. கோழி முட்டையிடும்போதே அவற்றின் மேல் ஒரு மெல்லிய பூச்சு படிந்து வரும். புதிதாக இட்ட முட்டையைச் சாய்த்துப் பிடித்தால் மினுமினுப்பு இல்லாமல் பொடி பூசினாற்போல் இருப்பது அதனால்தான். வாங்கி வந்ததும் எல்லா முட்டையையும் குழாயடியில் தேய்த்துக் கழுவி அடுக்குவது சுத்தமாகத் தோன்றும். அந்தப் பூச்சைக் கழுவிவிட்டு, ஓட்டின் மேலிருந்த கிருமியைத் தண்ணீரோடு துளை வழியே உள்ளே அனுப்புகிற வேலை அது. அழுக்கிருந்தால் உலர்ந்த துணியால் துடைத்து வைக்கலாம். அதிக அழுக்கானதை முதலில் சமைத்துவிடலாம். கழுவுவதானால் அடுப்பில் வைக்கப் போகும் அந்த நிமிடத்தில் கழுவலாம்.

அகன்ற முனை மேலே இருக்கும்படி வைக்க வேண்டும். அங்கேதான் காற்றறை இருக்கிறது. நாள் ஆக ஆக உள்ளீரம் துளிதுளியாகக் குறைந்து, அந்த அறை பெரிதாகும். தண்ணீரில் போட்டால் புதுசு படுத்துக் கிடக்கும், வாரம் சில ஆனது அகன்ற முனையைத் தூக்கி நிற்கும், மிகப் பழையது மிதக்கும். இது முட்டையின் வயதைச் சொல்லும், கிருமி இருக்கிறதா என்று சொல்லாது. அதனால் நிற்பதை நன்றாக அவித்துச் சாப்பிடலாம். மிதப்பதை எடுத்துப் போட்டுவிட வேண்டும். ஆம்லெட்டுக்கு உடைக்கும்போது ஒவ்வொன்றையும் முதலில் தனிக் கிண்ணத்தில் உடைத்து மோந்து பார்த்துவிட்டுப் பெரிய போசியில் சேர்ப்பது இங்கே பழக்கம். ஒரு முட்டை கெட்டிருந்தாலும் மற்றவை வீணாகாது.